ஜவ்பரின் ஓட்டோவில் பாஸ் ட்ரொம்போன்

கைபேசியில் கேட்டபோது
அந்த மனுஷி வாசிக்கவே இல்லை.
மூச்சு இழுத்தாள்.
உலோகத்தில் உலோகம் வழுக்கியது.
நடுவே ஓர் ஈ மாதிரி ஏதோ.
நாற்பது நிமிஷம் ஒருத்தி மூச்சு விடுவதை
செலவழித்துப் பதிவு செய்வார்களா என்று
எஞ்சின் அறை ஏணியில் குந்தி யோசித்தேன்.

சீனன்குடாவில் கோதுமைக் கப்பலை அணைத்துக் கட்டிய அன்று
அதன் மூன்றாம் எஞ்சினியர் தந்த இசைத்தட்டு.
பதிலுக்கு நான் கொடுத்தது
ஒரு போத்தல் மாசிச் சம்பல்.
உறையில் ஹென்ரிகா வோல்ஸ்டாட்,
நரைத்த கிராப்பு, மடியில்
வடிகால் குழாய் போல் வளைந்த பித்தளை.
முப்பத்தொரு வருஷம் ஒரே வாத்தியக்குழு,
ஒரே பின்வரிசை, ஒரே ஓரக் கதிரை.
உள்ளிருந்த தாளை மகள் டிலோஜினி வாசித்துச் சொன்னாள்:
பெரிய சிம்பொனி ஒன்றில் இவளுக்கு
நாலாம் பாகத்தில்தான் வேலையாம்.
மற்ற மூன்றுக்கும் மேடையில் இருந்து
எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.
தும்மக்கூடாது.

ஒத்து ஊதாதே என்று திட்டுகிற மொழி என்னுடையது.
மேளச் சமாவில் ஒத்துக்காரன் முகம்
யாருக்கும் ஞாபகமில்லை.
அவன் மூச்சு அறுந்தால்
நாதஸ்வரம் நிற்க நிலமிராது.

ஜவ்பரின் ஓட்டோவில்தான் கேட்டது.
பின் இருக்கைக்கு அடியில் பன்னிரண்டு அங்குல பாஸ் பெட்டி;
அவன் கிண்ணியாப் பாலம் ஏறினால்
உவர்மலையில் நாய் குரைக்கும் என்பார்கள்.
டச் பே மதிலோரம் நிறுத்தினோம்.
முதலாவது தொடங்கியதும்
தண்ணீர்ப் போத்தலுக்குள் வட்டம் வட்டமாய் நெளிவு.
கண்ணாடியில் தொங்கிய தஸ்பீஹ் மணிகள்
பல்லடித்தன.
கோட்டைப் பக்கமிருந்து குப்பை மேய வந்த மான்கள்
தலை தூக்கின. ஒன்று தூக்கியபடியே நின்றது,
வாயில் லஞ்ச் ஷீற்.
ஜவ்பர் கேட்டான்:
"பாட்டு எப்ப தொடங்கும்?"

எல்லாம் நல்லாயிருக்கு என்று சொல்லமாட்டேன்.
மூன்றாவதில் வேகம் காட்டுகிறாள்.
யானை சைக்கிள் ஓட்டுகிறது.
ஓட்டுகிறது, சரி, ஆனால் ஏன்?
ஆறாவதில் பியானோக்காரர்
அவளை விருந்தாளியாக நடத்துகிறார்,
கதவைத் திறந்து திறந்து விட்டுக்கொண்டு.

ஐந்தாவது.
பியானோ இல்லை. ஒருவரும் இல்லை.
ஒரு சுரம். அதற்குக் கீழே ஒன்று.
அதற்கும் கீழே, இனி இல்லை என்று நான் நினைத்த இடத்தில்
இன்னொரு படி வைத்திருந்தாள்.
சுரம் என்றும் சொல்லமுடியாது,
தனித்தனி அடிகளாய்ப் பிரிகிறது,
எங்கள் பழைய டீசல் மெதுவாய் ஓடுகையில்
சிலிண்டர் சிலிண்டராய் எண்ணக் கொடுப்பது போல.
காதால் அல்ல, இடுப்பெலும்பால் கேட்டேன்.
மூச்சு முடிகிற இடத்தில் ஒலி நடுங்கி
பிசிறிப் போயிற்று.
வெட்டி எறிந்திருக்கலாம். வைத்திருக்கிறாள்.
பிறகு, குழாயில் தேங்கிய நீரை
வடித்துவிடும் சத்தம். அதையும்.

முப்பத்தொரு வருஷமாய் இது
வயலின்களுக்கு அடியில் கிடந்திருக்கிறது.
இல்லை, கிடக்கவில்லை.
வேலை செய்திருக்கிறது.

ஜவ்பர் ஒன்றும் சொல்லவில்லை.
ஆஸ்பத்திரிச் சவாரி ஒன்று வர, என்னை இறக்கிவிட்டுப் போனான்.
அடுத்த வெள்ளி ஜும்மா முடிந்து அவனே வந்தான்:
"அந்த மனிசிட அஞ்சாவத எடுத்துட்டு வாங்க.
ஆளில்லாத நேரம் ஒருக்காப் போடுவம்."

இன்றைக்கு இரவுக் கடமை.
உட்துறைமுகம் எண்ணெய் போல் அசையாமல் கிடக்கிறது.
பெட்டி இல்லை, கைபேசி மட்டும்.
ஐந்தாவதைப் போட்டேன்.
மூச்சு. வழுக்கல். ஈ. பிறகு வெறுமை.
எவ்வளவு நேரம் வெறுமை என்று
இப்போது தெரியும்.
ஏணியில் குந்தி விரல் மடக்குகிறேன்,
இருபத்திரண்டு, இருபத்துமூன்று,
கரையிலிருந்து வோக்கி எங்கள் படகைக் கூப்பிடுகிறது,
பொறு,
இருபத்துநான்கு.